சாவி சொன்னால் வண்டி கேட்கும்

“மேலே இருந்து பார்த்துக்கிட்டே இருக்கும் சார். ராக்கெட் விடுற ஊர்ல இருந்துக்கிட்டு நீங்க பயப்படலாமா?”

என் காருக்கு டிராக்கர் மாட்டிய பையன் சொன்னது இது. திருவனந்தபுரம் கரமனையில் நாங்கள் இருப்பது வீட்டுக்குள் வண்டி நிறுத்த இடமில்லாத தெரு. வீடுகள் ஒன்றுக்கொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும். கார் தெருவில்தான் தூங்கும். நாமும் கொஞ்சம் தூங்குவோமே என்று நாலாயிரம் ரூபாய் கொடுத்து மாட்டினேன். சில மாதம் கழித்து நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் மச்சினரிடம் பெருமையாகக் கைபேசியைத் திறந்து காட்டினேன். கார் கரமனையிலேயே நின்றது! நாங்கள் வந்திறங்கிய கார், பந்தலோரம் கண்ணெதிரே நிற்கிற கார், திரையில் வீட்டு வாசலை விட்டு அசையவே இல்லை. மச்சினர் நல்ல மனிதர். சிரிப்பைப் பந்திவரை அடக்கிக்கொண்டார்.

டிராக்கருக்குள் இருந்த சிம் கார்டுக்குக் கட்டிய பணம் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் இந்தக் கருவிகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரித்ததில், என் தெருவில் சொல்லப்படுவதற்கும் நடப்பதற்கும் நல்ல தூரம் இருந்தது.

“செயற்கைக்கோள் என் காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது”

1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதிலிருந்து இந்த ஊருக்கு வானத்தோடு ஓர் உறவு. அதனால் இந்த நம்பிக்கை இங்கே கொஞ்சம் உரிமையோடு பேசப்படுகிறது. ஆனால் வழிகாட்டும் செயற்கைக்கோள் எதையும் பார்ப்பதில்லை. அது ஒரு கடிகாரம்.

கோட்டைக்குள் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி இருக்கிறதே, மணிக்கு மணி இரண்டு ஆட்டுக்கடாக்கள் ஒரு தாடிக்காரர் கன்னத்தில் முட்டுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கிறது, கேட்பவர் யார், எங்கே நிற்கிறார் என்பது அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்தும், நம் நாவிக் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்தும் ஓயாமல் நேரத்தை ஒலிபரப்புகின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் நேரம் எவ்வளவு தாமதித்து வந்துசேர்கிறது என்பதை வைத்துக் காருக்குள் இருக்கும் கருவி தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. எல்லாம் கடிகாரத்தின் துல்லியத்தில்தான் நிற்கிறது. 2013 ஜூலையில் ஏவிய நாவிக் வரிசையின் முதல் செயற்கைக்கோளில் மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதானபோது அது வழிகாட்டுவதற்கே லாயக்கற்றுப்போனது. 2023 மே 29-ல் ஏவிய என்விஎஸ்-01-ல்தான் இந்தியாவிலேயே செய்த அணுக்கடிகாரம் முதன்முதலாகப் பறந்தது.

ஆக, கருவிக்குத் தன் இடம் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிவது? அங்கே விண்வெளிக்கு வேலை முடிந்துவிடுகிறது. சாதாரண சிம், சாதாரண செல்போன் கோபுரம், விற்ற நிறுவனத்தின் சர்வர், அதற்கு நீங்கள் கட்டும் ஆண்டுச் சந்தா. இதில் ஒன்று அறுந்தாலும் திரையில் கடைசியாகத் தெரிந்த இடமே நிற்கும். நின்றுபோன புள்ளி, நிறுத்திவைத்த காரைப் போலவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள வஞ்சகம். புள்ளிக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘கடைசித் தகவல்’ என்று ஒரு நேரம் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

“டிராக்கர் இருந்தால் திருட முடியாது”

முடியும். டிராக்கர் காவலாளி அல்ல, சாட்சி. வண்டி போன பிறகு எங்கே போகிறது என்று சொல்லும். போகாதே என்று சொல்லாது. அந்தச் சாட்சியையும் வாய்மூட வைக்கலாம். மலிவான கருவிகளை டேஷ்போர்டுக்குக் கீழே கைக்கெட்டும் இடத்திலேயே மாட்டுகிறார்கள். தொழில் தெரிந்தவன் முதலில் கை வைப்பதும் அங்கேதான். பேட்டரி ஒயரைக் கழற்றினால், உள்ளே தனி பேட்டரி இல்லாத கருவி அந்த நொடியே செத்துவிடும். பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கான ஏஐஎஸ்-140 தரத்தில், வண்டியின் மின்சாரம் போனாலும் குறைந்தது 4 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும், சிக்னல் இல்லாத இடத்தில் 40,000 இடப்பதிவுகளைச் சேமித்துவைக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. உங்கள் கருவிக்கு அந்தத் தகுதி உண்டா என்று வாங்கும்போது கேளுங்கள். கடைக்காரர் பேச்சை மாற்றினால் பதில் கிடைத்துவிட்டது.

பணம் மிச்சம் பிடிக்க, சாவிக்கொத்தில் தொங்கும் ஏர்டேக் வகைத் தகட்டை இருக்கைக்கு அடியில் போட்டுவைக்கிறவர்களும் உண்டு. அது புளூடூத்தில் வேலை செய்வது. பக்கத்தில் யாருடைய கைபேசியாவது கடந்துபோனால்தான் இடம் தெரியவரும். தவிர, ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பின்தொடர்வதைத் தடுக்க, ‘உங்களோடு ஒரு தகடு வந்துகொண்டிருக்கிறது’ என்று அருகிலிருப்பவரின் கைபேசிக்கே அது செய்தி அனுப்பும். அருகிலிருப்பவர் திருடன் என்றால், அவனுக்கும் அதே மரியாதைதான்.

“சிப் சாவி வண்டி, ஒருத்தனும் அசைக்க முடியாது” — “அதையெல்லாம் உடைச்சாச்சு, வேஸ்ட்”

இம்மொபிலைசரைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது; இரண்டும் தவறு. அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு சிப் புதைந்திருக்கும். அதற்கென்று பேட்டரி கிடையாது. சாவியை நுழைத்ததும், துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் காற்றின் வழியே அதற்கு மின்சாரம் ஊட்டி ஒரு கேள்வி கேட்கும். சிப் சொல்லும் பதில் சரியாக இருந்தால் மட்டுமே எஞ்சினின் கணினி எரிபொருளுக்கு வழிவிடும். ஃபுட்பாத்தில் உட்கார்ந்து சாவி ராவுகிறவர் செய்துகொடுக்கும் நகல் கதவைத் திறந்துவிட்டு எஞ்சினிடம் தோற்பது இதனால்தான். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான புதுக் கார்களில் இது கம்பெனியிலேயே வந்துவிடுகிறது. வெளியே இன்னொன்று வாங்கி மாட்டச் சொன்னால், முதலில் வண்டியின் கையேட்டைப் புரட்டுங்கள். நல்ல ஒயரிங்கை வெட்டி ஒட்டி வாரண்டியையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இது வீண் என்கிறவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டலாம். அங்கே 2011-க்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேலாக, கியா, ஹூண்டாய் நிறுவனங்களின் சாவி திருகும் மாடல்கள் பல இம்மொபிலைசர் இல்லாமலே விற்கப்பட்டன. 2021, 2022-ல் அவற்றைக் கிளப்பும் விதத்தைப் பொடியன்கள் டிக்டாக்கில் பாடமாகவே நடத்த, கார்கள் கொத்துக்கொத்தாகப் போயின. பக்கத்து நாடான கனடாவில் 2007 செப்டம்பரிலிருந்து இம்மொபிலைசர் கட்டாயம். அந்தப் பாடம் அங்கே செல்லுபடியாகவில்லை. ஐரோப்பாவில் 1998-லிருந்து கட்டாயம். அதன் விளைவை நெதர்லாந்தில் கணக்கிட்ட பொருளியலாளர்கள் கார் திருட்டு வாய்ப்பு சராசரியாகப் பாதி குறைந்ததாக மதிப்பிட்டார்கள். ஓர் ஒயரும் ஒரு சிப்பும் செய்த வேலைக்கு இது அபாரம்.

அசைக்கவே முடியாது என்கிற கட்சிக்கும் பதில் உண்டு. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சாவிச் சிப் ஒன்றின் ரகசிய முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2005-லேயே உடைத்துக் காட்டினார்கள். மெகாமோஸ் என்கிற இன்னொரு சிப்பை உடைத்தவர்களின் கட்டுரையை வெளியிடக் கூடாது என்று ஃபோக்ஸ்வேகன் 2013-ல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது. பூட்டில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னவனின் வாயைப் பூட்டினால் ஓட்டை அடையுமா? எனக்கு அந்த வழக்கில் நிறுவனத்தின் பக்கம் நியாயம் தெரியவில்லை.

சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கிக் கிளப்பும் கார்களின் கதை வேறு. சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-ல் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் சிக்னலை ஒருவன் பிடித்து, காரருகே நிற்கும் இன்னொருவனுக்குக் கடத்தினால் போதும். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிக் கார் திறந்துகொண்டது. எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. இதற்கு மருந்து மலிவு. இரவில் சாவியை இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். டப்பாவோடு காரருகே போய்க் கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் டப்பாவை மாற்றுங்கள்.

இன்னொரு வழி, பழுது பார்ப்பதற்காகக் காரில் வைத்திருக்கும் ஓபிடி துவாரம். அதில் கருவியைச் செருகிப் புதுச் சாவியொன்றை வண்டிக்கு அறிமுகப்படுத்திவிடலாம். சாவி தொலைந்தவருக்கு மெக்கானிக் செய்யும் உதவியும் இதுதான், திருடன் செய்யும் வேலையும் இதுதான். அந்தத் துவாரத்துக்கும் இரும்பு மூடிப் பூட்டு கிடைக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டியரிங்கில் மாட்டும் தடிப்பூட்டைக் கிண்டல் செய்யாதீர்கள். மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்தில் பழைய கார், புதுக் கார் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கினார்கள். திருட்டு பெருமளவு குறைந்தது. பிரிட்டனில் 1970-களில் புதுக் கார்களுக்கு மட்டும் வந்தது. திருடர்கள் பழைய கார்களுக்கு நகர்ந்தார்கள். என் காரில் மஞ்சள் தடி தெரிந்தால் பக்கத்து வீட்டுக் காருக்கு ஆபத்து என்று பொருள். தெருவே சேர்ந்து வாங்குவது உத்தமம்.

“ஓடும்போதே கைபேசியில் எஞ்சினை அணைத்துவிடலாம்”

சினிமாவில் நன்றாக இருக்கும். எம்.சி. ரோட்டில் எண்பதில் போகிற வண்டியின் எரிபொருளை நிறுத்தினால் எஞ்சின் சாகும். பிரேக் பூஸ்டரில் மிச்சமுள்ள வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும். எதிரே பள்ளிப் பேருந்து வந்தால்? ஒழுங்கான கருவி ஓடும் எஞ்சினைத் தொடாது. வண்டி நின்றபின் மறுபடி கிளம்ப மட்டுமே மறுக்கும்.

அந்தப் பொத்தான் உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது என்பதும் நிச்சயமில்லை. 2022 ஜூலையில், மைகோடஸ் நிறுவனத்தின் எம்வி720 டிராக்கரில் ஓட்டைகள் இருப்பதாக அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை எச்சரித்தது. அந்தக் கருவியின் ஆரம்பக் கடவுச்சொல் 123456. ஓட்டை வழியாக நுழைகிறவர் அடுத்தவர் வண்டியைப் பின்தொடரலாம், எரிபொருளையும் நிறுத்தலாம். உங்கள் டிராக்கரின் கடவுச்சொல்லை மாட்டிய அன்றைக்குப் பிறகு என்றைக்காவது மாற்றினீர்களா? நானும் மாற்றியிருக்கவில்லை.

“அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்”

வழுதக்காட்டில் போக்குவரத்து ஆணையர் அலுவலகம் இருக்கிறது. கேரள மோட்டார் வாகனத் துறை, ஊரிலேயே இருக்கும் சி-டாக் நிறுவனத்தின் உதவியோடு, சுரக்‌ஷா மித்ரா என்ற கண்காணிப்பு ஏற்பாட்டை நடத்துகிறது. இதைக் கேள்விப்பட்டவர்கள், தங்கள் காரும் அந்தத் திரையில் ஓடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். மத்திய அரசின் 2016 நவம்பர் அறிவிக்கை, இடங்காட்டியையும் அவசரப் பொத்தானையும் கட்டாயமாக்கியது பயணிகளை ஏற்றும் பொது வாகனங்களுக்கு; அதிலும் ஆட்டோவுக்கும் இருசக்கர வாகனத்துக்கும் விலக்கு. பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிக்காக வந்த ஏற்பாடு இது. உங்கள் சொந்தக் கார் எந்தத் திரையிலும் இல்லை. 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடும் 726 கேமராக்களும் பெரும்பாலும் ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் தேடுகிறவை.

“இன்சூரன்ஸ் பாதியாகக் குறையும், போனால் முழுப் பணமும் வரும்”

மோட்டார் டாரிஃபில் எழுதியிருந்த தள்ளுபடி, ஏஆர்ஏஐ சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 500 ரூபாய். சான்றில்லாத கருவிக்கு அதுவும் கிடையாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குத் திருட்டில் ஒரு பைசா வராது.

பணம் வருவதும் வராததும் பெரும்பாலும் உங்கள் நடத்தையைப் பொறுத்தது. இன்சூரன்ஸ்காரர் இரண்டு சாவியையும் கேட்பார். சாவியை வண்டியிலேயே விட்டு டிரைவர் இறங்கிப் போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-ல் 75 சதவீதம்தான் கொடுக்கச் சொன்னது. போலீசில் உடனே புகார் கொடுத்துவிட்டு இன்சூரன்ஸுக்குத் தாமதமாகச் சொன்னவருக்கோ, அந்தத் தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எஃப்ஐஆர் முதலில்.

“திருடன் ராத்திரியில் வருவான்”

எல்லோரும் நம்புவதும் நான் அதிகம் பயப்படுவதும் இதைத்தான். எங்கள் பக்கத்தில் காதில் விழும் கதைகளில் கண்ணாடி உடைபடுவது அபூர்வம். ஆள் பகலில் வருவார். நல்ல சட்டை போட்டிருப்பார். ஆதார் நகல் கொடுப்பார். “ரெண்டு நாள் மூணாறு போயிட்டு வர்றோம் சேட்டா” என்பார். சும்மா நிற்கிற கார்தானே என்று வாடகை பேசிச் சாவியைக் கையில் கொடுத்தனுப்புகிறோம். மூன்றாம் நாள் கைபேசி அணைந்திருக்கும். கார் எங்கோ பணயத்தில் இருக்கும். களியக்காவிளை எல்லை இங்கிருந்து ஒரு மணி நேரச் சங்கதி. இம்மொபிலைசர் கேட்ட கேள்விக்குச் சாவி சரியான பதிலைச் சொல்லிவிட்டது. சாவி நிஜமா என்றுதான் அதற்குக் கேட்கத் தெரியும். ஆள் நிஜமா என்று கேட்கத் தெரியாது.

சட்டத்திலும் நம் கால் சறுக்குகிறது. சாவியை நாமே கொடுத்தால் அது திருட்டு என்பதைவிட நம்பிக்கை மோசடி என்கிற பிரிவுக்குள் போகும். பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303, நம்பிக்கை மோசடிக்கு 316. தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு விடக் கூடாது என்றே நிபந்தனை இருக்கும். வாங்குபவரே ஓட்டிச்செல்லும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. 1989-ஆம் ஆண்டுத் திட்டப்படி அந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும், குறைந்தது 50 வண்டி வேண்டும். ஒற்றைக் காரை வாடகைக்கு விடும் நாம் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. போன வண்டி யாரையாவது இடித்துத் தள்ளினால், ஆர்சியில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்பதும் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவருக்கு இதன் மறுபக்கம். 2020-ல் நொய்டா போலீஸ் பிடித்த ஒருவர், ஒரே காரைப் பலமுறை ஆன்லைனில் விற்றவர். ஒவ்வொரு முறையும் காருக்குள் டிராக்கர், தன் பையில் மாற்றுச் சாவி. வாங்கியவர் வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நாம் காவலுக்கு என்று வாங்கும் கருவியேதான் அவருக்கு வழிகாட்டி. பழைய கார் வாங்கும்போது இரண்டு சாவியையும் கேளுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பழைய சாவிகளின் பதிவை அழித்துப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். கூடவே டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நிஜமாகவே ஒரு நாள் வாசல் காலியாக இருந்து, திரையில் புள்ளி பாறசாலையைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தால், மச்சினரைக் கூட்டிக்கொண்டு நீங்களே துரத்திப் போகாதீர்கள். புள்ளிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை எந்த டிராக்கரும் சொல்வதில்லை. 112-ஐக் கூப்பிடுங்கள்; வண்டி எண்ணையும் திரையில் தெரியும் இடத்தையும் போலீசுக்குச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே, டிராக்கரின் சிம்முக்குப் பணம் கட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.